முறிந்த கால்

மாவுக்கட்டின் ஈரம்கூடக் காயவில்லை, அதற்குள் விளையாட்டுத் துறைச் செயலாளர் வார்டுக்குள் நுழைந்துவிட்டார். கூடவே இரண்டு போலீஸ்காரர்கள். கட்டிலில் ஓட்டக்காரி முகமெல்லாம் வியர்த்துப் படுத்திருந்தாள். முழங்காலிலிருந்து பாதம்வரை வெள்ளை வெளேரென்று கட்டு.

அவளைத் தெரியாதவர்கள் அந்த நகரத்தில் கிடையாது. பன்னிரண்டு நாடுகள் வரப்போகும் ஓட்டப் பந்தயத்துக்காக முக்குக்கு முக்கு ஒட்டியிருந்த போஸ்டர்களில் சிரித்துக்கொண்டிருந்தவள் அவள்தான். ஊரடங்கு, கைது, துப்பாக்கிச் சூடு என்று மூன்று வாரமாக நாடு கொதித்துக்கொண்டிருந்தது. இங்கே எல்லாம் சுமுகமாக இருக்கிறது, தைரியமாக வாருங்கள் என்று வெளிநாட்டுக்காரர்களிடம் சொல்ல அரசாங்கத்துக்கு மிச்சமிருந்தது அந்தச் சிரிப்பு ஒன்றுதான்.

"ஏம்மா, இன்னும் நாலு நாள்தான் இருக்கு. இப்பப் போயா விழுவே?"

"காலைல பயிற்சில தடுக்கிட்டேன் சார்" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.

செயலாளர், கட்டிலருகே உட்கார்ந்திருந்த டாக்டரம்மா பக்கம் திரும்பினார். "ஊசி கீசி போட்டு ஓட வைக்க முடியாதா? ஜெயிக்கவெல்லாம் வேண்டாம். கேமரா முன்னாடி நாலு அடி ஓடினாப் போதும். இவ வரான்னு சொல்லித்தான் பாதி நாட்டுக்காரன் டிக்கெட்டே போட்டிருக்கான்."

டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு குறுக்காக இரண்டாகியிருந்தது. மருத்துவம் படிக்காதவருக்கும் புரியும் முறிவு.

"ஏதோ பலமாப் பட்டிருக்கு. ஆறு வாரம் காலைத் தரையில ஊனவே கூடாது."

"தடுக்கி விழுந்தேன்னு இல்ல சொல்றா?"

"விழுந்த இடத்துல என்ன இருந்துச்சோ." முறிவைச் சுட்டிக்காட்டிய விரலைப் படத்திலிருந்து எடுக்க அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

செயலாளர் படத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். "பேரைக் காணோமே?"

"ஒரே மிஷின், ஒரே ஆள். மூணு நாளா யாரும் தூங்கல. படம் வந்தாப் போதும்னு இருக்கோம்."

"அப்ப என் கண்ணு முன்னாடி இன்னொரு படம் எடுங்க."

ஓட்டக்காரியின் கை போர்வையை இறுக்கிப் பிடித்தது. டாக்டரம்மா அசரவில்லை. எழுந்து கதவை அகலத் திறந்துவிட்டார்.

"எடுக்கலாமே. வாங்க. எக்ஸ்ரே ரூம் வாசல்ல நாப்பது பேர் வரிசையில உட்கார்ந்திருக்காங்க. எல்லாரும் முந்தாநாள் ஊர்வலத்துல உங்க லத்திக்குத் தப்பாதவங்க. பந்தயம் நடத்தணும், கொஞ்சம் வழி விடுங்கன்னு நீங்களே அவங்ககிட்ட சொல்லுங்க."

"என்ன, மிரட்டறீங்களா?"

"வழி சொல்றேன். வலது பக்கம் மூணாவது கதவு."

வராந்தாவிலிருந்து யாரோ வலியில் முனகுவது கேட்டது. போலீஸ்காரர்களில் ஒருவர் செயலாளரின் காதருகே குனிந்து, "வேண்டாம் சார்" என்றார். செயலாளர் வாசல்வரை போய் எட்டிப் பார்த்தார். அத்தனை முகங்களும் ஒரே சமயத்தில் அவரை நிமிர்ந்து பார்த்தன. அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பிறகு போனை எடுத்தார். "அவ ஓட மாட்டா சார். ஆமா, உடைஞ்சே போச்சு. நானே கண்ணால பார்த்தேன்." மந்திரிக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லிப் படத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு, பின்வாசல் வழியாகப் போனார்.

மத்தியானச் செய்தியில் டிவி திரை முழுக்க அந்த எக்ஸ்ரே படம்தான். தேசத்தின் செல்ல மகளுக்கு நேர்ந்த விபத்து என்று மந்திரி தழுதழுத்தார். மூன்று மணிக்குள் ஐந்து நாடுகள் வரவில்லை என்று சொல்லிவிட்டன. நான்கரை மணிக்கு, பந்தயம் தேதி குறிப்பிடாமல் தள்ளிவைக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. வராந்தாவில், தலையில் கட்டுப் போட்டிருந்த ஒருவர் கைதட்ட ஆரம்பிக்க, கை உடைந்தவர்கள் நல்ல கையால் பெஞ்சைத் தட்டினார்கள்.

டாக்டரம்மா வார்டுக் கதவைத் தாழிட்டார். ஓட்டக்காரி கட்டிலிலிருந்து இறங்கினாள். மாவுக்கட்டோடு இரண்டு காலையும் தரையில் ஊன்றி, நேராக நிமிர்ந்து நின்றாள்.

"வலிக்குதா?" என்றார் டாக்டரம்மா.

"அரிக்குது" என்று சிரித்தாள் அவள். அந்தச் சிரிப்பு போஸ்டரில் இருந்தது போல் இல்லை. "நாலு வருஷ உழைப்பு. போனாப் போகுது. நான் ஓடற டிராக்குலதான் பிடிச்சுட்டு வந்த பிள்ளைங்களை ராத்திரி பகலா மண்டி போட வச்சிருந்தாங்க. அது மேலயா நான் ஓடணும்? செத்தாலும் மாட்டேன்."

"ஆறு வாரம் கட்டைப் பிரிக்காதே. ஆள் வச்சுப் பார்ப்பாங்க."

"பார்க்கட்டும்." அவள் ஓர் அடி எடுத்து வைத்துப் பார்த்தாள். "ஆனா டாக்டரம்மா, அந்த ஆள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தப்போ எனக்கு உயிரே போயிடுச்சு. அவ்வளவு அச்சு அசலா ஒரு பொய்ப் படத்தை எப்படித்தான் தயார் பண்ணீங்க?"

டாக்டரம்மா குழாயடியில் நின்று விரல் இடுக்கில் ஒட்டியிருந்த மாவைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"பொய்ப் படம் இல்லம்மா. அது என் பொண்ணோட கால்."