சேர்ந்து வாழ மனு

ஒரு ஹெல்மெட்தான் தொங்கியது.

கோர்ட் வளாகத்துப் புங்கமரத்தடியில் அவன் வண்டி நின்றிருந்தது. கண்ணாடியில் மாட்டியிருந்தது அவனுடைய கறுப்பு ஹெல்மெட். அவள் பின்சீட்டுக் கொக்கியைப் பார்த்தாள். டேங்கைப் பார்த்தாள். மனசு கேட்காமல் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றியும் வந்தாள்.

நீல ஹெல்மெட்டைக் காணவில்லை.

நீலம் அவளுடையது. உள்பஞ்சில் அவள் குங்குமம் அப்பியிருக்கும். அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக அவளை அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்ட அன்று, அதைக் கழற்றி வாங்கித் தன் முழங்கையில் மாட்டிக்கொண்டு போனான். கூட்டிப்போக வரும்போது எடுத்து வருகிறேன் என்றான்.

வரவில்லை.

போனையும் எடுக்கவில்லை. அவளே பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாள். வீட்டில் புதுப் பூட்டு தொங்கியது. அவள் கையில் பழைய சாவி.

வேறு வழியில்லாமல் ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட்டாள். அந்தச் சம்மன் போய்ச் சேர்ந்த சூட்டோடு அவனிடமிருந்து ஒரு மனு வந்தது. மனைவி தகுந்த காரணமின்றிப் பிரிந்து போய்விட்டாளாம். அவள் இல்லாமல் மன உளைச்சலில் வாடுகிறானாம். சேர்ந்து வாழ அவளுக்கு உத்தரவிட வேண்டுமாம்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

அம்மாவுக்கு மட்டும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"கூட்டிட்டுப் போறக்குத்தான கண்ணு கேசே போட்டிருக்காரு?"

அவளுடைய வக்கீலம்மா அப்படிச் சொல்லவில்லை.

"சேர்ந்து வாழ மனுன்னா பாசத்துல கூப்பிடுறாருன்னு நினைச்சுக்காதீங்க. வர மாட்டேன்னு உங்களைச் சொல்ல வைக்கிறதுக்கும் போடுவாங்க. காரணமில்லாம மறுத்தா ஜீவனாம்சம் நிக்காது. கோர்ட்டுக்கே வரலைன்னா எக்ஸ்பார்ட்டி. உங்களைக் கேக்காமலே தீர்ப்பு வந்துடும்."



ஆனாலும் ஆசை இருந்தது. பாழாய்ப்போன ஆசை. ஒருவேளை மனம் மாறியிருக்கலாம். ஒருவேளை ஆட்டோவில் கூட்டிப்போக நினைத்திருக்கலாம். இவ்வளவு பெரிய பையோடு வருகிறவளை வண்டியில் எப்படி ஏற்றுவான்?

பையைக் கட்டியது அம்மா. மாப்பிள்ளைக்குப் பிடித்த நார்த்தங்காய் ஊறுகாயை ஒரு டப்பாவில் போட்டு மேலாக வைத்திருந்தாள்.

கோர்ட் வராந்தாவில் அவளுடைய அம்மாவைப் பார்த்து அவன் கும்பிட்டான். கண் இப்போது பரவாயில்லையா என்று எல்லோருக்கும் கேட்கிறபடி விசாரித்தான். ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்காதவன்.

பச்சைச் சட்டை போட்டிருந்தான். பச்சை அவனுக்குப் பிடிக்காது. சட்டைக்கையில் இஸ்திரி மடிப்பு கத்தியாக நின்றது. அவன் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டு அவள் பார்த்ததில்லை.

யார் போட்டுக் கொடுத்தது?

கேட்பதற்குள் பெயர்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். அம்மாவை உள்ளே விடவில்லை.

அவளுடைய வழக்கில் அவள் மனுதாரர். அவனுடைய வழக்கில் எதிர்மனுதாரர். நடந்தது ஒரே கல்யாணம்தான்.

நீதிபதி நிமிர்ந்தார். "கூட்டிட்டுப் போகத் தயாரா இருக்கேன்னு மனுவுல சொல்லியிருக்கார். நீங்க என்னம்மா சொல்றீங்க?"

அவன் தரையைப் பார்த்து நின்றான். அவன் வக்கீல் பேனாவைத் திறந்து தயாராக வைத்திருந்தார். மாட்டேன் என்ற ஒரு சொல்லுக்காக இரண்டு பேரும் காத்திருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

நான் நினைப்பதெல்லாம் தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

"வர்றேனுங்க. பை வெளிய அம்மாகிட்ட இருக்குதுங்க. இப்பவே வர்றேன்."

வக்கீலம்மா சட்டென்று அவள் பக்கம் திரும்பினார்.

அவள் அவன் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவை அவளிடம் வரவில்லை. நேராக அவன் வக்கீலிடம் போயின.

வக்கீல் எழுந்தார்.

"வீட்டுல வெள்ளையடிக்கிற வேலை நடக்குதுங்க மேடம். ஒரு வாய்தா கொடுத்தீங்கன்னா..."

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவனைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு டைப்பிஸ்ட் பக்கம் திரும்பிச் சொல்லத் தொடங்கினார். சேர்ந்து வாழ எதிர்மனுதாரர் சம்மதிக்கிறார். மனுதாரர் அவகாசம் கேட்கிறார்.

வக்கீலம்மா யாரும் பார்க்காமல் அவள் கையை அழுத்தினார். இனி ஜீவனாம்சம் நிற்கும், ஜெயித்த மாதிரிதான்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன் சந்தேகம் தோற்றுப்போக வேண்டும் என்றுதான் இவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

வெளியே வந்தபோது வராந்தா பெஞ்சில் அம்மாவைக் காணோம்.

புங்கமரத்தடியில் நின்றிருந்தாள். உள்ளே நடந்தது அவளுக்குத் தெரியாது. மகளை ஏற்றிவிடுகிற அவசரத்தில் முன்னாடியே போய் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். பை காலடியில் இருந்தது. ஊறுகாய் டப்பா, சிந்திவிடக் கூடாதென்று, கையில்.

அவன் யாரையும் பார்க்காமல் வேகமாக நடந்து வந்தான். கறுப்பு ஹெல்மெட்டை எடுத்தான்.

அம்மா ஆபரேஷன் செய்த கண்ணைச் சுருக்கிக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் பார்த்தாள்.

"புள்ளைக்கு ஹெல்மெட்டு எங்கீங்க மாப்ள?"

அவன் கோர்ட் வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

வக்கீல் இன்னும் வெளியே வரவில்லை.