நனைந்த கயிறு

“போன வருஷம் ஒரிஜினல்னு மாட்டியிருந்த அதே படம் சார். இந்த வருஷம் கீழே பிரிண்ட்னு ஒட்டியிருக்கார். ரெண்டுல ஒண்ணு பொய்தானே?”

மண்பொம்மைக்காரர் மூச்சிரைக்க வந்து சொன்னதும் பூதக்கண்ணாடி நாற்காலியை விட்டு எழுந்தார்.

ஓவியச் சந்தையில் எது அசல், எது போலி என்று பார்த்துச் சொல்கிற பரிசோதகர் அவர். எப்போதும் கையில் பூதக்கண்ணாடியோடு அலைவதால் அதுவே பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்துபோயிற்று என்று கேள்வி. அவர் குனிந்து பார்த்தால் ஜாடியில் இருக்கும் பூகூட, “சத்தியமா நான் நிஜப் பூ” என்று ஒரு இதழை உதிர்த்துக் காட்டுமாம்.

சந்தையின் சட்டம் ஒன்றே ஒன்று. படத்துக்குக் கீழே ஒட்டியிருப்பது உண்மையாக இருக்கவேண்டும். பொய்யென்றால் அன்றைக்கே கடையைக் காலி செய்யவேண்டும். அப்புறம் ஆயுசுக்கும் சந்தைக் கூடாரத்துக்குள் தலைகாட்ட முடியாது.

புகார் வந்தது தாடிக்காரர் மேல். சந்தை தொடங்கிய நாளிலிருந்து கடை போடுகிற ஓவியர்.

“என்ன அண்ணே, இந்த வயசுல இதெல்லாம் தேவையா?”

“எந்த வயசுல தேவைன்னு சொல்லு தம்பி, அந்த வயசுக்குப் போயிடறேன்.”

பூதக்கண்ணாடி சிரிக்கவில்லை. படத்தின் முன்னால் போய் நின்றார். நின்றவர், வந்த வேலையை மறந்துவிட்டார். ஒவ்வொரு வருஷமும் இதே கதைதான்.

பழைய படகுத்துறை. பாலம் வருவதற்கு முன்பிருந்த படகுத்துறை! வழுக்குகிற படிகள், ஓட்டை மணி, டீசல் புகை. நடுவில் படகோட்டி, தோளில் ஈரக் கயிறு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தினமும் அந்தப் படகில்தான் அவர் ஆற்றைக் கடந்தார். கயிற்றின் பாசி வாசனைகூட மூக்கில் ஏறிற்று.

தலையை உதறிக்கொண்டு லேபிளைப் பார்த்தார். ‘பிரிண்ட்’ என்றுதான் இருந்தது. விலையும் பிரிண்ட் விலை.

அப்படியானால் இத்தனை வருஷம் ஒரு பிரிண்ட்டைப் பார்த்தா உருகினேன்?

கண்ணாடியை வைத்துக் குனிந்தார். அச்சடித்த படமென்றால் எறும்புச் சாரை மாதிரி புள்ளிகள் தெரியவேண்டும். ஒன்றையும் காணோம். மேடும் பள்ளமுமாகப் பெயின்ட். ஆற்றுத் தண்ணீரில் தூரிகை முடி ஒன்றுகூட ஒட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணே! இது நீங்க கையால வரைஞ்ச ஒரிஜினல்!”

“மெதுவாச் சொல்லு. மானத்தை வாங்காதே.”

“ஒரிஜினலைப் போய் பிரிண்ட்னு யாராவது விப்பாங்களா? மூளை கீளை குழம்பிடுச்சா?”

தாடிக்காரர் குரலைத் தாழ்த்தினார். “அந்தப் படகோட்டியோட பொண்ணு பக்கத்துத் தெருவுலதான் தையக்கடை வெச்சிருக்கு. வருஷா வருஷம் வந்து இது முன்னாடி நிக்கும். வீட்டுல அவரோட போட்டோ ஒண்ணுகூட இல்லையாம். போன தடவை, ‘சும்மா எடுத்துட்டுப் போம்மா’ன்னேன். ‘எங்கப்பாவை யாரும் எனக்குத் தானமாக் கொடுக்க வேண்டாம்’னு சொல்லிட்டு விறுவிறுன்னு போயிடுச்சு.”

“அதுக்கு? நிஜமாவே ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுக்கறதுதானே?”

“போட்டுப் பார்த்துட்டேன். பிரிண்ட்ல கயிறு நனையல தம்பி.”

பூதக்கண்ணாடி மறுபடியும் குனிந்து கயிற்றைப் பார்த்தார்.

“இதை நான் வரையறவரைக்கும் அந்த மனுஷன் ஆடாம அசையாம நின்னார். முடிக்காம படகை எடுக்க மாட்டேன்னுட்டார். மீனெல்லாம் தலையை நீட்டி, ‘இன்னுமா கிளம்பல?’ன்னு கேட்டுச்சு. படகு முழுக்க என்னைத் திட்டித் தீர்த்துட்டாங்க.”

“தெரியும். திட்டினதுல நானும் ஒருத்தன்.”

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். பூதக்கண்ணாடிதான் முதலில் முகத்தை இறுக்கிக்கொண்டார்.

“ஆனா சட்டம் சட்டம்தான் அண்ணே. கூட்டிச் சொன்னாலும் பொய், குறைச்சுச் சொன்னாலும் பொய். லேபிளை மாத்துங்க. இல்லேன்னா நான் கடையை மூடியாகணும்.”

“தாராளமா மூடு. அந்தப் பொண்ணு வாங்கிட்டுப் போனப்புறம் மூடு.”

“இத்தனை வருஷக் கடை அண்ணே!”

“போகட்டும் விடு.”

அதற்குள் தையல்காரம்மாவே வந்துவிட்டார். கழுத்தில் டேப், சேலையில் அங்கங்கே நூல் துணுக்குகள். படத்தைப் பார்த்தார், லேபிளைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

“இது பிரிண்ட்தானே? ஒரிஜினல்னா எனக்கு வேண்டாம்.”

தாடிக்காரர் வாயெடுப்பதற்குள் அந்தம்மா கையமர்த்தினார். “நீங்க பேசாதீங்க ஐயா. போன வருஷம் சும்மா கொடுக்கப் பார்த்தவர்தானே நீங்க!” பூதக்கண்ணாடியின் பக்கம் திரும்பினார். “சார், நீங்க சொல்லுங்க. உங்க வாயில பொய்யே வராதாமே?”

பக்கத்துக் கடையிலிருந்து மண்பொம்மைக்காரர் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

பூதக்கண்ணாடி கையிலிருந்த கண்ணாடியைச் சட்டையில் துடைக்க ஆரம்பித்தார். நேரமாக ஆக, தையல்காரம்மாவின் முகத்தில் சந்தேகம் ஏறியது. மெதுவாகக் கையை நீட்டினார். இருட்டில் தொட்டே துணியின் ரகம் சொல்கிற விரல்கள். கயிற்றுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்துவிட்டன.

சட்டென்று குறுக்கே வந்து நின்றார் பூதக்கண்ணாடி.

“தொடாதீங்கம்மா! நேத்துதான் அச்சடிச்சது, மை இன்னும் காயல.”