கை எடுத்த நொடி

"ஜூன் 11. ஆட்டத்தின் நடுவே கையை எடுத்துவிட்டேன். ஒரு நொடித் தவறு. அதோடு வேலையும் போயிருக்கும்."

ஒரகடம் கம்பெனி வாசலில் முடிவுக்காகக் காத்திருந்த பூர்ணிமா, மாலை வகுப்பு நோட்டில் இப்படி எழுதினாள்.

இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷின் வேலைக்கு வைத்த தேர்வே ஒரு ஆட்டம்தான். பாட்டின் தாளத்துக்குத் திரையில் கட்டங்கள் விழும். அடியில் இருக்கும் கோட்டைக் கட்டம் தொடும்போது தட்ட வேண்டும். ஒன்றை விட்டாலும் ஆட்டம் முடிந்தது. போகப்போகப் பாட்டு வெறிபிடித்து ஓடியது. நானூறாவது கட்டத்தில் மேஜை ஓரம் சிவப்பு விளக்கு எரிந்தது. சிவப்பு எரிந்தால் மெஷினை விட்டுக் கையை எடுக்கப் பழைய கம்பெனியில் பழகிய கை, தானாக விலகிக்கொண்டது.

"இன்னாடி, தூங்கிட்டியா? நான் எழுநூறு!" என்று சிரித்தாள், தேர்வை முடித்துவிட்டு வாசலில் பக்கத்தில் நின்ற மஞ்சுளா.

சூப்பர்வைசர் சீனிவாசன் வெளியே வந்தார். "பூர்ணிமா யாரும்மா?"

"சார், இன்னொரு தபா ஆடிக் காட்டுறேன் சார்!"

"வேணாம்மா. பாட்டு வேகத்துலயும் விளக்கைப் பாக்குறாங்களான்னுதான் டெஸ்ட்டே. கையை எடுத்தது நீ ஒருத்திதான். எனக்குப் பத்து விரலோட வூட்டுக்குப் போற ஆள்தான் வேணும்."

பூர்ணிமா நோட்டைத் திறந்து 'தவறு' என்ற சொல்லை அடித்தாள். அடியில் எழுதினாள்: "நாளை காலை ஆறு மணிக்கு பிரஸ் மெஷினில் முதல் ஷிப்ட்."