விட்டுப்போன பெயர்

கணினித் தேர்வுக்கான கேள்வியைக் காலையில்தான் எழுதினேன். முப்பத்தொன்பது பேர் கொண்ட வகுப்புப் பட்டியலை ஒருவர் விடாமல் அச்சிட வேண்டும், அவ்வளவுதான். பன்னிரண்டு மணிக்குள் எல்லோருடைய புரோகிராமும் வந்துவிட்டது. யார் யாரைப் பார்த்து எழுதியது என்று கண்டுபிடிக்கும் மென்பொருளில் போட்டேன். பதினெட்டாம் எண்ணும் பதினேழாம் எண்ணும் ஒரு வரி தவிர அச்சு அசல் என்றது.

பதினேழாம் எண் மாணவி விடுமுறையில் விபத்தில் போய்விட்டாள். பட்டியலிலிருந்து அவள் பெயரை நான்தான் நீக்கினேன். மற்றவர்களின் எண்ணை மாற்ற மனம் வரவில்லை.

பதினெட்டாம் எண் மாணவியைக் கூப்பிட்டேன்.

"யாரைப் பாத்து எழுதின?"

"நான் பாக்கல மேடம். அவதான் என்னோடதப் பாத்தா." குனிந்த தலை நிமிரவில்லை. "எப்பவும் பாக்கறவதானே. இன்னிக்கு மட்டும் எப்படி மறைக்கிறது?"

அவளை அனுப்பிவிட்டு, வேறுபட்ட அந்த ஒரு வரியைப் பார்த்தேன். கணினி பூஜ்யத்திலிருந்து எண்ணும். ஒன்றிலிருந்து தொடங்கினால் முதல் பெயர் விட்டுப்போகும். போன வருஷம் முழுக்க இருவருக்கும் இதற்குத்தான் மார்க் குறைத்தேன். பதினெட்டாம் எண் இன்றும் ஒன்றிலிருந்துதான் தொடங்கியிருந்தாள். ஓட்டிப் பார்த்தேன், முப்பத்தெட்டுப் பெயர் வந்தது.

பதினேழாம் எண்ணுடையது பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. அதையும் ஓட்டினேன். பெயர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. யாரும் விட்டுப்போகவில்லை.

நாற்பது பேர்.