பதிலில்லாத கேள்வி

“உங்க பாதுகாப்புதான் எங்களுக்கு முதல்ல, மத்ததெல்லாம் அப்புறம். எங்க கம்பெனியோட எரிவாயுக் குழாய் உங்க தெருவுக்கு அடியில குழந்தை மாதிரி தூங்கிட்டிருக்கும்” என்று கோட்டு போட்ட அதிகாரி சொல்லி முடிப்பதற்குள் பேக்கரிக்காரர் துள்ளி எழுந்தார்.

“வெடிச்சுதுன்னா?”

“உங்க கடை அடுப்புகூட கேஸ்லதானே எரியுது? அது என்னிக்காவது வெடிச்சுதா?”

பேக்கரிக்காரர் யோசித்தார். இல்லை என்று பட்டது. உட்கார்ந்துவிட்டார்.

“தெருவைத் தோண்டிப் போட்டுட்டுப் போயிடுவீங்களே?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“மூடி, புது ரோடு போட்டுத் தருவோம். இப்ப இருக்கறதுக்குப் பேரு ரோடா, சொல்லுங்க?”

கூட்டத்தில் ரெண்டு பேர் ஆமாம் என்று தலையாட்டியே விட்டார்கள். அதிகாரி வெறுத்துப்போய்க் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டினார்.

“இந்த லட்சணத்துல கேட்டீங்கன்னா அவன் ஊதித் தள்ளிட்டுப் போயிடுவான். எங்கே, மறுபடியும் முதல்லேருந்து!”

அவர் அதிகாரியே இல்லை. எரிவாயுக் குழாய் எதிர்ப்புக் குழுவின் தலைவர். நர்சரி பள்ளி வகுப்பறையில், முழங்கால் மோவாயில் இடிக்கும் குட்டி பெஞ்சுகளில் தெருவே உட்கார்ந்து, நடக்கப்போகும் பொது விசாரணைக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது.

கம்பெனிக்காரர் வேஷத்தைத் தலைவர் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. குடிநீர் வாரியத்தில் புகார்ப் பிரிவுக்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீர் வந்ததோ இல்லையோ, பதில் வாங்காமல் ஒருத்தரும் திரும்பிப் போனதில்லை என்பதில் அவருக்கு ஏகப் பெருமை.

கடைசி பெஞ்சில் இருந்த அவர் மனைவி கேள்விகளை நோட்டில் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தாள். குழாய் போகும் பாதை அவர்கள் வீட்டுச் சமையலறைச் சுவரை உரசிக்கொண்டு போகிறது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டின வீடு. விசாரணையில் கம்பெனியால் பதில் சொல்ல முடியாத கேள்வி ஒன்றே ஒன்று பதிவானால் போதும், அனுமதி கிடையாது என்பது விதி. அந்த ஒன்றுதான் யாருக்கும் அகப்படவில்லை.

“என்னங்க, நீங்க நம்ம பக்கம்தானே?” என்று வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டாள்.

“நம்ம பக்கமா இருக்கப் போய்த்தான் தொண்டை கட்டற அளவுக்குக் கத்திக்கிட்டிருக்கேன்.”

கடைசி ஒத்திகையில் அவளே எழுந்தாள்.

“சார், எங்க தெரு முட்டுச்சந்து. உள்ள வரணும்னா ரயில்வே கேட்டைத் தாண்டித்தான் வரணும். உங்க வால்வு தெருக்கோடியில இருக்கு, கையால திருகற வால்வு. அதைத் திருகற ஆளு கேட்டுக்கு அந்தப் பக்கம் உங்க ஆபீஸ்ல இருக்கான். கேட்டு சாத்தியிருக்கறப்ப கேஸ் கசிஞ்சா, அவன் எப்படி சார் வருவான்?”

தலைவர் வாயைத் திறந்தார். மூடினார். கோட்டுப் பையில் எதையோ தேடுவது போல் துழாவினார்.

வகுப்பறை அதிர்ந்தது. “அக்கா, சாரையே மடக்கிட்டீங்க! இனிமே அந்தக் கம்பெனிக்காரன் எந்த மூலைக்கு?” என்று பேக்கரிக்காரர் குதித்த குதியில் பெஞ்சு ஒன்று காலை உடைத்துக்கொண்டது.

எல்லாரும் சிரித்தார்கள். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தும் தட்டில் கையை வைத்துச் சோற்றை அளைந்துகொண்டிருந்தார். பிறகு மாடிக்குப் போய், பூட்டியே கிடந்த அறையைத் திறந்து, ஜன்னல் வழியாக ரயில்வே கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். ‘பாவம், இப்பத்தான் இவருக்கும் வீட்டைப் பத்தின பயம் வந்திருக்கு’ என்று அவள் மனசு இளகியது.

“கவலைப்படாதீங்க. நான் பார்த்துக்கறேன்” என்றாள்.

அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

விசாரணை நாளன்று மண்டபத்தில் நிற்க இடமில்லை. தலைவர் பழக்கதோஷத்தில் கோட்டோடேயே வந்திருந்தார். நிஜமான கம்பெனி அதிகாரி சின்ன வயசு. மைக்கைப் பார்த்தே பாதி வெலவெலத்துப் போயிருந்தார்.

அவள் எழுந்து, ஒரு சொல் பிசகாமல் கேட்டாள்.

சின்ன வயசுக்காரர் காகிதங்களைப் புரட்டினார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் மின்விசிறியைப் பார்த்தார்.

“அது வந்து... மேலிடத்துல கலந்து பேசிட்டு...”

“கலந்து பேசறதெல்லாம் அப்புறம். இப்ப, இங்க, பதில் இருக்கா இல்லையா?” என்றார் விசாரணை நடத்திய அதிகாரியம்மா.

அதிகாரியம்மா பேனாவின் மூடியைக் கழற்றினார். “அப்ப பதில் இல்லைன்னு எழுதிடறேன். இது சம்பந்தமா வேற யாராவது பேசணுமா?”

“அக்கா, குழாய் அம்பேல்!” என்று பேக்கரிக்காரர் கிசுகிசுத்தார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்போது முன்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம். தலைவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எழுந்தார். முகத்தில் அப்படி ஒரு களை. கடைசி அடியைத் தலைவரே கொடுக்கப் போகிறார் என்று மண்டபமே கைதட்டியது, அவளும் தட்டினாள்.

தட்டல் ஓயும்வரை காத்திருந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் சொன்னார்:

“ஆளு எதுக்கு மேடம் கேட்டைத் தாண்டணும்? எங்க வீட்டு மாடி காலியாத்தான் இருக்கு, எழுதிக்குங்க!”