ஒரே வண்டியில் இரண்டு பேர்

"பிரஷர் பார்க்கிறது என் தொழில், வாத்தியாரே. எனக்கே பாடம் எடுக்கறீங்களா?"

ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நர்ஸ் கேட்டாள். கணக்கு வாத்தியார் பின் சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"மனுஷனுக்கு ஏறினா மாத்திரை குடுப்பே. டயருக்கு ஏறினா காத்தைத்தான் இறக்கணும். பின்னாடி இன்னும் கொஞ்சம் குறைக்கலாம்."

"குறைச்சா வண்டி எருமை மாதிரி திரும்பும். எனக்கு வால் ஆடணும்."

"உனக்கு ஆடணும், எனக்கு ஆடக் கூடாது. இருக்கறது ஒரே வண்டி. நான் என்ன பண்ண?"

பக்கத்துக் காரில் சாய்ந்து நின்ற பெண் சிரித்துவிட்டாள். அவள் பல் டாக்டர். ஆட்டோகிராஸ் போட்டிக்கு வருவது இதுதான் முதல் தடவை. காலையிலிருந்து இந்த ஜோடியைத்தான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வளைத்து வளைத்து வைத்திருந்தார்கள். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடும். கூம்பில் இடித்தால் இரண்டு வினாடி அபராதம். ஒரே வண்டியை இருவர் மாறி மாறி ஓட்டலாம். வாத்தியாரும் நர்ஸும் அப்படித்தான் பெயர் கொடுத்திருந்தார்கள்.

ஒரு காலத்தில் காய்கறி வாங்கப் போய்வந்த சின்ன கார் அது. பின் சீட்டைக் கழற்றி எறிந்து, ஸ்பிரிங்கை மாற்றி உயரத்தைக் குறைத்து, வளைவில் சாயாமல் இருக்க அடியில் தடித்த கம்பி போட்டு, எல்லாவற்றையும் வீட்டு ஷெட்டில் இருவருமாகவே செய்திருந்தார்கள்.

"எப்பவுமே இப்படித்தான் சண்டை போடுவீங்களா?" என்று கேட்டாள் பல் டாக்டர்.

"வண்டி விஷயத்துல மட்டும்தான்" என்றார் வாத்தியார்.

"மத்த விஷயத்துல?"

"சண்டையே வராது" என்றாள் நர்ஸ். "பேசினாத்தானே வரும்!"

பல் டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தாள்.

கடைசிச் சுற்று. இருவரில் யார் வேகம் என்று அதுவரை சொல்ல முடியாதபடி நூலிழையில் நின்றது. முதலில் வாத்தியார் முறை. அவர் பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருக்கும்போது நர்ஸ் ஜன்னலில் குனிந்தாள்.

"ஜிக்ஜாக்ல பக்கத்துக் கூம்பையே பார்த்துப் பதறறீங்க. அதுக்கு அடுத்ததைப் பாருங்க. கை தானா போகும்."

வாத்தியார் தலையாட்டினார். வண்டி சீறிக் கிளம்பியது. கூம்புகளுக்கு நடுவே ஊசியில் நூல் கோத்த மாதிரி போய் வந்தார். ஒலிபெருக்கி அறிவித்தது. அன்றைக்கு அதுதான் எல்லோரையும் விட நல்ல நேரம்.

"அக்கா, நீங்களே சொல்லிக் குடுத்து அவரை முந்த வெச்சுட்டீங்களே!" என்றாள் பல் டாக்டர்.

"முந்தட்டும். என் முறை இன்னும் இருக்கே" என்று கையுறையை மாட்டினாள் நர்ஸ்.

பல் டாக்டர் பெருமூச்சு விட்டாள். "அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். அவருக்கு காருன்னாலே ஆகாது. உங்களைப் பார்த்தா பொறாமையா இருக்கு."

"காரு ஒத்துப்போனா எல்லாம் ஒத்துப்போகும்னு யாரும்மா சொன்னது?"

"இருந்தாலும் உங்க வீட்டுக்காரர் ரொம்ப நல்லவர்."

"நல்லவர்தான். அதுல எனக்கு எப்பவுமே சந்தேகம் வந்ததில்ல."

வாத்தியார் இறங்கினார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், செடிக்கு மருந்தடிக்கும் பம்பை எடுத்து, கொதித்துப்போயிருந்த டயர்களில் தண்ணீர் அடித்தார். ஆவி பறந்தது. பிறகு மண்டியிட்டு ஒவ்வொரு சக்கரமாகக் காற்றைச் சரிபார்த்தார்.

"பின்னாடி உனக்குப் பிடிச்ச மாதிரியே வெச்சிருக்கேன். வால் ஆடும். கடைசி வளைவுல தார் பெயர்ந்து ஜல்லி கிடக்கு. உள்பக்கமா வெட்டாதே, வழுக்கிடும்."

அவள் அளவுமானியைத் தொடக்கூட இல்லை. நேரே போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள்.

"ஒரு தடவை நீங்களும் பார்த்துடுங்களேன் அக்கா" என்றாள் பல் டாக்டர்.

"வாத்தியார் போட்ட கணக்கு. தப்பா வராது."

கொடி அசைந்தது. முதல் வளைவிலேயே வண்டியின் பின்புறம் வெளியே போனது. பார்த்தவர்கள் 'அய்யோ' என்றார்கள். அவள் பதறவில்லை. போகவிட்டு, சரியான இடத்தில் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒரு தட்டுத் தட்டி, அந்த ஆட்டத்திலேயே அடுத்த வளைவுக்குத் திரும்பினாள். அதற்கப்புறம் வண்டி அவள் சொன்னதைக் கேட்டது. ஜிக்ஜாக்கில் கூம்புகள் காற்றில் நடுங்கினவே தவிர ஒன்றுகூடச் சாயவில்லை. கடைசி வளைவில் ஜல்லியை விட்டு வெளிப்பக்கமாக அகலமாகச் சுற்றி வந்து, கோட்டுக்குள் பிரேக்கைக் குத்தி நிறுத்தினாள்.

ஒலிபெருக்கி கரகரத்தது. கண் இமைக்கும் நேரம்கூட இல்லை வித்தியாசம். முதலிடம் நர்ஸுக்கு. வாத்தியார் இரண்டாவது.

முதலில் கைதட்டியது வாத்தியார்தான்.

பல் டாக்டர் ஓடி வந்து நர்ஸைக் கட்டிக்கொண்டாள். "கல்யாணம்னா இப்படி இருக்கணும்! வீட்டுக்குப் போனதும் அவர்கிட்ட உங்க ரெண்டு பேரைப் பத்தித்தான் சொல்லப் போறேன்."

நர்ஸ் ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வாத்தியார் தன் சாவிக்கொத்திலிருந்து காரின் இன்னொரு சாவியைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"ஜெயிச்சவங்களுக்குத்தான் வண்டின்னு பேசினோம். பேச்சு பேச்சுதான்" என்றார். "நாளைக்குக் கோர்ட்டுல விவாகரத்துக்குக் கையெழுத்துப் போடறப்ப சொல்லிடலாம்: வீடு எனக்கு, வண்டி உனக்கு. இனிமே நமக்குள்ள பிரிச்சுக்க எதுவும் பாக்கியில்ல, நர்ஸம்மா."