முகர்ந்த பூ

புத்தருக்கு வைக்கும் பூவை முகரக்கூடாது. பக்கத்து வீட்டு சீலவதியின் மகள் செவ்மினிக்கு அது மண்டையில் ஏறவே இல்லை. பறிக்கும்போதே மூக்கில் வைப்பாள். "மூக்கை அறுத்துடுவேன்டி!" என்று தாய் கத்துவாள்.

காய்ச்சலில் பிள்ளை போன பிறகு, செடியில் மணக்கும் பிச்சிப்பூ சீலவதியின் தட்டுக்கு வந்ததும் மணமிழந்தது. வாடிய பூவைக் கொட்டும்போது நானும் முகர்ந்து பார்த்திருக்கிறேன். ஒன்றுமில்லை.

தோஷம் கழிக்க நான்தான் மந்திரம் ஓதும் எதிரிஸ் குருன்னான்சேயைக் கூட்டி வந்தேன். அவர் வாழைத்தண்டில் மேடை கட்டி, பூ பரப்பி, ஓதிக்கொண்டே பாக்குவெட்டியால் புளிச்சாறு தெறிக்கத் தேசிக்காய்களை வெட்டினார். கடைசிக் காயில் கை நின்றது.

"பிள்ளை இங்கதான் நிக்குது, தங்கச்சி. இதை வெட்டினா போயிடும்."

"எங்க போகும்?" என்றாள் சீலவதி.

"அது எனக்குத் தெரியாதும்மா."

அவள் அந்தக் காயைப் பிடுங்கிக் கைக்குள் பொத்திக்கொண்டாள். "அப்ப வெட்ட வேணாம். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

மறுநாள் காலை பூத்தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பால்மா டின் மூடியை வைத்து, அதிலும் ஒரு பிடி பூப் போட்டாள்.

"இது உனக்கு. அந்தத் தட்டுல மூக்கை வச்சே, தெரியும் சேதி!"

அன்று தட்டுப் பூவின் மணம் என் வீட்டு வாசல்வரை வந்தது. நான் போய் மூடியை எடுத்து முகர்ந்தேன். அதில் மணமே இல்லை. பூக்கள் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தன.